கோப்புப் பகிர்வு வழங்கியில் போக்குவரத்துப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கல்

போக்குவரத்துப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கல் என்பது, மறையாக்கம் செய்யப்பட்ட இணைப்பின் வழியாக வராத கணினிகளுக்குக் கோப்புகளைத் தர வழங்கியே மறுக்கும் ஏற்பாடு ஆகும். லினக்ஸ் இயங்குதளத்தின் என்.எஃப்.எஸ் வழங்கி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

தேவை

என்.எஃப்.எஸ் நெறிமுறையை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-இல் உருவாக்கியது. இதன் வழக்கமான அமைப்பில் கோப்பின் உள்ளடக்கம் மறையாக்கம் இல்லாமலேயே வலையமைப்பில் செல்கிறது. கோப்பைக் கேட்கும் கணினி, அதாவது வாங்கி, பயனரை ஓர் எண்ணாக மட்டும் குறிப்பிடுகிறது. வழங்கி அதை நம்பிவிடுகிறது. வலையமைப்பின் இடையே புகுந்த ஒருவரால் நோயாளர் பதிவுகளையோ மாணவர் மதிப்பெண்களையோ படிக்க முடியும். வழியிலேயே மாற்றவும் முடியும்.

செயல்படும் முறை

இக்குறையைப் போக்க 2022-இல் ஆர்.எஃப்.சி 9289 என்ற தரம் வெளியானது. இது டி.எல்.எஸ் 1.3 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பைக் கோருகிறது. 2023-இல் வெளிவந்த லினக்ஸ் கெர்னல் 6.4 வழங்கிக்கும், 6.5 வாங்கிக்கும் இவ்வசதியைச் சேர்த்தன.

வாங்கி முதலில் வழங்கியுடன் இணைந்து, டி.எல்.எஸ் வசதி உண்டா என வினவும். உண்டு என்று விடை வந்தால் இருபுறமும் மறையாக்கத்துக்கு மாறும். ஆனால், இந்த வினாவும் விடையும் வெளிப்படையாகவே செல்கின்றன. இடையில் இருப்பவர் விடையை நீக்கிவிட்டால், டி.எல்.எஸ் இல்லை என்று கருதி வாங்கி பழைய முறைக்கே திரும்பக்கூடும். எனவே வசதியை நிறுவுவது மட்டும் போதாது. அதைக் கட்டாயமாக்கவும் வேண்டும்.

கட்டாயமாக்கும் விதம்

பகிரப்படும் ஒவ்வொரு கோப்புறைக்கும் 'எக்ஸ்பிஆர்டிசெக்' என்ற தெரிவை வழங்கியில் அமைக்கலாம். அதன் மதிப்புகள் மூன்று:

- நன்: மறையாக்கம் இல்லாத இணைப்பு ஏற்கப்படும்.
- டிஎல்எஸ்: மறையாக்கப்பட்ட இணைப்பு ஏற்கப்படும்.
- எம்டிஎல்எஸ்: மறையாக்கத்துடன், வாங்கியும் தன் சான்றிதழைக் காட்ட வேண்டும்.

தெரிவு எதையும் குறிப்பிடாவிட்டால் மூன்றுமே அனுமதிக்கப்படும். ஆகவே டி.எல்.எஸ் நிறுவப்பட்ட வழங்கியும் வெளிப்படையான இணைப்புகளுக்குக் கோப்புகளைத் தந்துகொண்டே இருக்கலாம். 'நன்' இல்லாமல் மற்ற மதிப்புகளை மட்டும் குறிப்பிட்டால்தான் வழங்கி அவற்றை மறுக்கும்.

வரம்புகள்

வழங்கி மறுப்பதற்குள் வாங்கி அனுப்பிவிட்ட கோரிக்கை வெளிப்படையாகச் சென்றிருக்கும். போலி வழங்கி ஒன்று இடையில் நின்றால் உண்மையான வழங்கியின் விதி அங்கே பயன்படாது. ஆகவே கோப்புறையை இணைக்கும்போது வாங்கியிலும் இதே தெரிவை அமைக்க வேண்டும், அப்போது டி.எல்.எஸ் கிடைக்காவிட்டால் இணைப்பே நிகழாது.

சான்றிதழ் கணினியை அடையாளம் காட்டுமே தவிர, அதில் அமர்ந்திருப்பவரை அன்று. ஒவ்வொரு பயனரையும் உறுதிசெய்ய கெர்பரோஸ் போன்ற முறை தேவை. இவ்வசதி இல்லாத பழைய கணினிகள் கட்டாயமாக்கியதும் தொடர்பை இழக்கும் என்பதால், அவற்றை முன்னரே கண்டறிந்து மேம்படுத்திக்கொள்வது நல்லது.