உங்க காருக்கு எப்போ 'ஆயில் பெயர்ச்சி'?

திருநள்ளாறில் சனிப்பெயர்ச்சி இரண்டரை வருடத்துக்கு ஒரு தடவை. அதற்கு என்ன கூட்டம், என்ன ஸ்பெஷல் பஸ், என்ன போலீஸ் பந்தோபஸ்து! தலையில் நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு நளதீர்த்தத்தில் முழுக்குப் போட எங்கெங்கிருந்தோ வருகிறார்கள்.

அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி, காரைக்காலில், வீட்டு வாசலில் கார் வைத்திருப்பவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "சார், உங்க காருக்குக் கடைசியா எப்போ ஆயில் மாத்தினீங்க?"

"அதுக்குள்ளயா? இன்னும் பத்தாயிரம் கிலோமீட்டர் ஆகலையே!"

அங்கேதான் சார், சனி வண்டி ஏறுகிறது!

காரைக்கால் எவ்வளவு பெரிய ஊர்? வடக்கே கொஞ்சம் ஓட்டினால் தரங்கம்பாடி. தெற்கே கொஞ்சம் ஓட்டினால் நாகூர். இரண்டு பக்கமும் தமிழ்நாடு. டாப் கியர் விழுவதற்குள் யூனியன் பிரதேசமே முடிந்துவிடும். பாரதியார் சாலையில் ஆபீஸ், மூன்று கிலோமீட்டரில் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். போக மூன்று, வர மூன்று. வருடம் முழுக்க ஓட்டினாலும் 2,000 கிலோமீட்டர் தேறாது. இந்தக் கணக்கில் பத்தாயிரம் எப்போது வரும்? ஐந்து வருடம் கழித்து, அதாவது இரண்டு சனிப்பெயர்ச்சி முடிந்த பிறகு!

காரோடு ஒரு புத்தகம் கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? (டேஷ்போர்டு டப்பாவில், பழைய பெட்ரோல் பில்லுக்கு அடியில் இருக்கும்.) இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றில், 'பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது பன்னிரண்டு மாதம், எது முதலில் வருகிறதோ அது' என்று போட்டிருப்பார்கள். நாம் முதல் பாதியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறோம். 'உங்களை ரொம்பப் பிடிக்கும், ஆனால்...' என்று வந்த கடிதத்தை முதல் மூன்று வார்த்தையோடு நிறுத்திக்கொண்டு, கல்யாண மண்டபம் பார்க்கப் போகிற மாதிரி!

ஓடாத வண்டிக்கு என்ன கேடு?

நியாயமான கேள்விதான். கொஞ்சமாக ஓடினால் எண்ணெயும் கொஞ்சமாகத்தானே கெட வேண்டும்? இல்லை. இங்கே கணக்கு தலைகீழ்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நம்ப முடியவில்லையா? காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சர் வாயில் சொட்டுகிறதே, அது அந்தத் தண்ணீர்தான். பெரும்பாலும் ஆவியாக வெளியே போய்விடும். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே எண்ணெயில் கலக்கும். கூடவே எரியாத பெட்ரோலும் கொஞ்சம் இறங்கும். நீண்ட தூரம் ஓடினால் எண்ணெய் நன்றாகச் சூடேறி இந்த இரண்டும் ஆவியாகிவிடும். மூன்று கிலோமீட்டரில் ஆபீஸ் வந்துவிட்டால்? டேஷ்போர்டில் சூடு காட்டும் ஊசி நடுவுக்கு வந்திருக்கலாம். ஆனால் அது ரேடியேட்டர் தண்ணீரின் சூடு. எண்ணெய் முழுச் சூட்டுக்கு வர இன்னும் நேரம் பிடிக்கும். அதற்குள் நீங்கள் சாவியைத் திருகி அணைத்து, ஓடிப்போய் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. தண்ணீர் உள்ளேயே தங்கிவிட்டது.

எண்ணெய் டப்பாவில் இருப்பது வெறும் எண்ணெய் அல்ல. அழுக்கைக் கரைக்க ஒரு மருந்து, அமிலத்தை முறிக்க ஒன்று, தேய்மானத்தைத் தடுக்க ஒன்று என்று பல சேர்மானங்கள் உண்டு. தண்ணீரும் பெட்ரோலும் சேரச் சேர இவை தீர்ந்துகொண்டே வரும். அதனால்தான் புத்தகத்தின் பின்பக்கத்தில், 'அடிக்கடி குறைந்த தூரம் ஓட்டுவது' என்பதைக் 'கடுமையான உபயோகம்' என்ற தலைப்பில் சேர்த்து, இன்னும் சீக்கிரம் மாற்றச் சொல்கிறார்கள். லாரி மாதிரி ஓட்டினால்தான் கடுமை என்று நினைக்கிறோம். வீட்டுக்கும் ஆபீசுக்கும் இடையே பூனை மாதிரி போய்வருவதும் கடுமைதான்!

அல்வா கிண்டிய என்ஜின்

என் நண்பர் ஒருவர் கதையைக் கேளுங்கள். ரொம்பச் சிக்கனக்காரர். மூன்று வருடத்தில் ஆறாயிரம் கிலோமீட்டர் ஓட்டியிருந்தார். எண்ணெயை மாற்றவேயில்லை. "புது வண்டி மாதிரி இருக்கு மாப்ளே" என்று பெருமை வேறு.

ஒருநாள் டேஷ்போர்டில் எண்ணெய்க் குப்பி மாதிரி ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. "வீடு ரெண்டு கிலோமீட்டர்தானே, போய்ப் பாத்துக்கலாம்" என்று ஓட்டினார். ஒன்றரையாவது கிலோமீட்டரில் 'டக் டக்' என்று சத்தம். அப்புறம் சத்தமே இல்லை. என்ஜின் 'சீஸ்'!

மெக்கானிக் மேல்மூடியைக் கழற்றியபோது நானும் பக்கத்தில் நின்றேன். உள்ளே திருநெல்வேலி அல்வா பதத்தில் கறுப்பாக ஏதோ அப்பிக்கிடந்தது. "என்ன தம்பி, ஆயில் இவ்ளோ கெட்டியா இருக்கு?" என்றார் நண்பர்.

"இது ஆயில் இல்ல சார்... ஆயிலோட அஸ்தி!"

எண்ணெயை உறிஞ்சும் குழாயின் சல்லடையை அந்த அல்வா அடைத்துவிட்டது. பையனின் ஸ்கூல் அட்மிஷனுக்கு வைத்திருந்த பணம் என்ஜினுக்குப் போயிற்று. அந்த வருடம் பையனை வேறு ஸ்கூலில் சேர்த்தார்கள். அப்புறம் நண்பரிடம் யாரும் சிக்கனம் பற்றிப் பேசுவதில்லை.

ஒன்று மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அந்தச் சிவப்பு விளக்கு, 'எண்ணெய் குறைகிறது' என்று சொல்லும் விளக்கு அல்ல. 'எண்ணெய் அழுத்தமே இல்லை' என்று கத்தும் விளக்கு. ஓரம் கட்டி உடனே என்ஜினை அணைக்க வேண்டும். இரண்டு கிலோமீட்டர் இல்லை, இருநூறு மீட்டர்கூடக் கூடாது.

பாரீஸ் மாமாவும் டபிள்யூவும்

சரி, எந்த எண்ணெய் வாங்குவது? காரைக்காலில் இந்தக் கேள்வியைக் கேட்டால் இரண்டு பேர் பதில் சொல்ல வருவார்கள்.

முதலாமவர் லீவில் வந்திருக்கும் பாரீஸ் மாமா. "எங்க ஊர்ல 0டபிள்யூ-20தான் ஊத்துவோம்!" இரண்டாமவர் டீக்கடை அண்ணன். "நம்ம வெயிலுக்கு நல்லா திக்கா 20டபிள்யூ-50 ஊத்துங்க தம்பி!"

இரண்டு பேரையும் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். அந்த எண்களின் அர்த்தம் இதுதான். 'டபிள்யூ' என்றால் விண்டர், குளிர்காலம். அதற்கு முன்னால் உள்ள எண், கடுங்குளிரில் எண்ணெய் எவ்வளவு சுலபமாக இளகிக்கொடுக்கும் என்பதைச் சொல்வது. 5டபிள்யூ எண்ணெயைச் சோதிப்பது மைனஸ் 30 டிகிரியில்! காரைக்கால் மார்கழிக்கு இந்தக் கவலை கிடையாது. பின்னால் வரும் எண், 100 டிகிரி சூட்டில் எண்ணெய் எவ்வளவு கெட்டி என்பது.

அப்படியானால் நம் வெயிலுக்குக் கெட்டி நல்லதுதானே? அங்கேதான் டீக்கடை அண்ணன் சறுக்குகிறார். வெளியே 40 டிகிரி வெயில் அடித்தாலும், பாரீஸில் பனி பெய்தாலும், 'தெர்மோஸ்டாட்' என்கிற சாதனம் என்ஜின் சூட்டை ஏறக்குறைய ஒரே அளவில் வைக்கப் பார்க்கிறது. புதிய என்ஜின்களில் எண்ணெய் போகும் சந்து ரொம்பக் குறுகல். சிலவற்றில் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றுவதும் எண்ணெயின் அழுத்தம்தான். தாத்தா காலத்து அம்பாசிடருக்குப் பொருந்திய கெட்டி எண்ணெயை அதில் ஊற்றினால் மைலேஜும் குறையும், என்ஜினும் திணறும். புத்தகத்தில் என்ன எண் போட்டிருக்கிறதோ அதுவே வேதம். வெப்பநிலை அட்டவணை கொடுத்திருந்தால் நம் ஊருக்குப் பொருந்தும் வரியைப் பாருங்கள்.

அடுத்து, 'ஏ.பி.ஐ.' என்று இரண்டு எழுத்து இருக்கும். 'எஸ்' என்று ஆரம்பித்தால் பெட்ரோல், 'சி' என்றால் டீசல். இரண்டாவது எழுத்து பின்னால் போகப்போகப் புதுசு. எஸ்.என். 2010ல் வந்தது, எஸ்.பி. 2020ல், எஸ்.க்யூ. 2025ல். பெட்ரோல் காருக்குப் புத்தகம் கேட்பதை விடப் புதிய எழுத்து ஊற்றலாம். பழையது கூடாது.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.-6 டீசல் கார் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கும் கார்களுக்கு, சாம்பல் குறைவாக விடும் எண்ணெய்தான் ஆகும். இந்த வண்டிகளைக் குறைந்த தூரமே ஓட்டினால் டீசல் இறங்கி எண்ணெய் மட்டம் ஏறுவதும் உண்டு. 'ஆஹா, ஊறுகிறது!' என்று சந்தோஷப்படாமல் மெக்கானிக்கிடம் ஓடுங்கள்.

மிச்சமாகும் கார் எண்ணெயைப் பைக்கில் ஊற்றும் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலான பைக்குகளில் கிளட்சும் அதே எண்ணெயில்தான் குளிக்கிறது. கார் எண்ணெயின் வழுவழுப்பில் கிளட்ச் வழுக்கும். 'ஜாசோ எம்.ஏ.' என்று போட்டிருப்பதுதான் பைக்குக்கு.

பக்கத்தில் நில்லுங்கள்!

எண்ணெய் மாற்றும்போது டீ குடிக்கப் போகாதீர்கள். பத்து நிமிஷம் பக்கத்தில் நின்றால் போதும். என்ஜின் கொஞ்சம் சூடாக இருக்கும்போது வடித்தால்தான் அழுக்கும் சேர்ந்து இறங்கும். எண்ணெயோடு ஃபில்டரும் மாற வேண்டும். குளித்துவிட்டுப் பழைய பனியனையே போட்டுக்கொள்வதில் என்ன பிரயோஜனம்? வடிகால் போல்ட்டின் வாஷரும் புதுசு வேண்டும். டப்பாவின் சீலை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். காலி டப்பாவில் ஓட்டை போட்டுவிடுங்கள். இல்லையென்றால் அதில் போலி எண்ணெய் நிரம்பி யார் வண்டிக்காவது போகும், உங்கள் வண்டிக்கே கூட!

ஊற்றியதும் டிப்ஸ்டிக் பாருங்கள். சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சில நிமிஷம் கழித்து, துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுக்க வேண்டும். இரண்டு கோட்டுக்கு நடுவில் இருந்தால் சரி. மேல் கோட்டைத் தாண்டினால் எண்ணெய் நுரைத்துப்போய் உபத்திரவம். டீசல் காரில் எண்ணெய் சீக்கிரமே கறுத்தால் பயப்படாதீர்கள். கரியைத் தன்னிடம் பிடித்துவைத்திருக்கிறது என்று அர்த்தம். பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால்தான் ஆபத்து, தண்ணீர் கலந்திருக்கிறது.

இன்னொன்று, வடித்த எண்ணெயைச் சாக்கடையில் கொட்ட விடாதீர்கள். 2016ஆம் வருட அபாயக் கழிவு விதிகளின்படி அது பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் போக வேண்டும். ஒரு கார் எண்ணெய் பத்து லட்சம் காலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் கணக்கு. நம் சாக்கடைத் தண்ணீர் கடைசியில் அரசலாற்றுக்கும் வயலுக்கும்தானே போகிறது? கழிவு எண்ணெயை யாரிடம் கொடுக்கிறார்கள் என்று ஒர்க்‌ஷாப்பில் கேளுங்கள். பதில் சொல்ல முழித்தால் அடுத்த தடவை வேறு ஒர்க்‌ஷாப்.

முடிவாக, பில்லை டேஷ்போர்டில் வையுங்கள். மாற்றிய தேதியைக் கிலோமீட்டர் காட்டும் முள்ளிடம் விடாமல், வீட்டுக் காலண்டரில் எழுதுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை கட்டாயம். உங்கள் புத்தகம் கடுமையான உபயோகத்துக்கு ஆறு மாதம் என்று சொன்னால் ஆறு மாதம். நடுவில் மாதம் இரண்டு முறை குடும்பத்தோடு வேளாங்கண்ணி வரை ஓட்டிவிட்டு வாருங்கள். எண்ணெயில் இருக்கும் தண்ணீர் ஆவியாகும். வீட்டில் இருக்கும் கோபமும்தான்!