ஓர் எழுத்துப் பிழையும் ஓயாத வலிப்பும்

குழந்தைக்கு ஆறு மாதம். நன்றாகப் பால் குடிக்கிறது, ஆளைப் பார்த்துச் சிரிக்கிறது. ஒரு நாள் லேசான காய்ச்சல். திடீரென்று உடம்பின் ஒரு பக்கம் வெட்டி வெட்டி இழுக்கிறது. இருபது நிமிடமாகியும் நிற்கவில்லை. மருத்துவமனையில் மருந்து கொடுத்து நிறுத்துகிறார்கள். "காய்ச்சலில் வரும் வலிப்புதான், வளர வளரப் போய்விடும்" என்று ஆறுதல் சொல்லி அனுப்புகிறார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது உண்மையாகவே போய்விடும்.

மிகச் சில பிள்ளைகளுக்குப் போவதில்லை. அடுத்த மாதமும் வருகிறது. பிறகு காய்ச்சல் இல்லாமலும் வருகிறது. வெந்நீரில் குளிப்பாட்டினாலே சிலருக்கு வந்துவிடுகிறது. தொடக்கத்தில் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். இரண்டாம் வயதிலிருந்து பேச்சும் நடையும் பின்தங்கத் தொடங்கும். 1978இல் பிரெஞ்சு மருத்துவர் சார்லட் டிராவே இதைத் தனி நோயாக அடையாளம் கண்டு விவரித்தார். இன்று அவர் பெயராலேயே டிராவே நோய் என்கிறோம். அமெரிக்காவில் 2015இல் வெளியான ஓர் ஆய்வு, சுமார் 15,700 குழந்தைகளில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாகக் கணித்தது.

காரணம் தெரிய 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெல்ஜிய ஆய்வாளர்கள் ஏழு பிள்ளைகளின் மரபணுக்களை ஆராய்ந்தார்கள். ஏழு பேருக்கும் எஸ்சிஎன்1ஏ என்ற ஒரே மரபணுவில் பிழை இருந்தது. பெற்றோரிடம் அந்தப் பிழை இல்லை.

இந்தக் கடைசி வரியைச் சற்று நிதானமாகப் படியுங்கள். பிள்ளைக்கு வலிப்பு என்றதும் "யார் வம்சத்தில் இருந்தது?" என்ற கேள்வி நம் வீடுகளில் முதலில் எழும். பெரும்பாலும் அது தாயை நோக்கியே வீசப்படும். மரபணு நோய்தான், ஆனால் பத்தில் ஒன்பது பிள்ளைகளிடம் அந்தப் பிழை புதிதாகத் தோன்றியது. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது நேர்ந்த எழுத்துப் பிழை அது. மீதமுள்ள சிலருக்கு மட்டுமே பெற்றோரிடமிருந்து வருகிறது. அந்தப் பெற்றோருக்குச் சிறு வயதில் ஓரிரு முறை காய்ச்சல் வலிப்பு வந்து போயிருக்கலாம், அல்லது ஒன்றுமே தெரியாமலும் இருந்திருக்கலாம்.

எஸ்சிஎன்1ஏ என்ன செய்கிறது? நரம்பு உயிரணுவின் சுவரில் சோடியம் உள்ளே நுழையும் வாயில் ஒன்றைக் கட்டுவதற்கான குறிப்பு அதில் இருக்கிறது. சோடியம் நுழைந்தால்தான் நரம்பில் மின்துடிப்பு பிறக்கும். இங்கேதான் ஒரு புதிர். வாயில்கள் குறைந்தால் மூளை அடங்கித்தானே போக வேண்டும், ஏன் வலிப்பு வருகிறது?

2006இல் சியாட்டிலில் வில்லியம் கேட்டரால் குழுவினர் எலிகளில் இதற்கு விடை கண்டார்கள். ஒரு வகுப்பறையை நினைத்துக்கொள்ளுங்கள். நாற்பது மாணவர்களும் ஓர் ஆசிரியரும் இருக்கிறார்கள். ஆசிரியருக்குக் குரல் கட்டிப்போனால் வகுப்பு அமைதியாகாது, ரகளைதான். மூளையிலும் மற்ற உயிரணுக்களை அடக்கி வைக்கும் 'ஆசிரியர்' உயிரணுக்கள் உண்டு. இந்தக் குறிப்பிட்ட வாயிலை அதிகம் நம்பியிருப்பவை அவைதான்.

இதனால் மருந்திலும் பெரிய மாற்றம் வந்தது. கார்பமசபின், லாமோட்ரிஜின், ஃபெனிடோயின் ஆகியவை வலிப்புக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் மருந்துகள். அவை சோடியம் வாயிலை அடைப்பவை. டிராவே பிள்ளைகளுக்கு அவற்றைத் தொடர்ந்து கொடுத்தால் வலிப்பு கூடக்கூடும். ஆகவே நோயின் பெயர் சீக்கிரம் தெரிவது முக்கியம். (இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மருந்தை நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்துவதும் ஆபத்து.)

இன்னொரு பழியும் நீங்கியது. தடுப்பூசி போட்ட ஓரிரு நாளில் முதல் வலிப்பு வந்ததால், ஊசிதான் பிள்ளையின் மூளையைக் கெடுத்தது என்று பல பெற்றோர் நம்பினார்கள். ஆஸ்திரேலிய மருத்துவர் சாமுவேல் பெர்கோவிக்கும் அவருடைய சகாக்களும் அப்படிச் சொல்லப்பட்ட 14 பேரைச் சோதித்தார்கள். 2006இல் முடிவு வெளிவந்தது: 11 பேருக்கு எஸ்சிஎன்1ஏ பிழை இருந்தது. ஊசியால் வந்த காய்ச்சல் முதல் வலிப்பைத் தூண்டியிருக்கலாம். நோய் பிறக்கும்போதே இருந்தது.

சரி, பிழையான மரபணுவுக்குப் பதில் நல்லதை உள்ளே அனுப்பினால் என்ன? இடம் போதாது. மரபணுவைச் சுமந்து செல்லும் ஏஏவி என்ற வைரஸில் சுமார் 4,700 எழுத்துகளே அடங்கும். எஸ்சிஎன்1ஏவின் புரதக் குறிப்புக்கு மட்டுமே ஏறத்தாழ 6,000 எழுத்துகள் வேண்டும்.

அதனால் ஆய்வாளர்கள் வேறு பக்கம் திரும்பினார்கள். ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதி இருக்கிறது. டிராவே பிள்ளையிடம் ஒன்று பழுது, மற்றொன்று நல்லது. அந்த நல்ல பிரதியிலிருந்து எடுக்கப்படும் ஆர்என்ஏ நகல்கள் எல்லாமே பயன்படுவதில்லை. சிலவற்றில் 'நச்சுத் துண்டு' எனப்படும் ஒரு பகுதி சேர்ந்துவிடுகிறது, அப்படிப்பட்ட நகலை உயிரணுவே அழித்துவிடுகிறது. அந்தத் துண்டு சேராமல் தடுத்தால் நல்ல பிரதியே கூடுதல் புரதம் தரும். பழுதைத் தொடவே வேண்டாம்! எனக்கு இந்த ஆராய்ச்சியில் மிகவும் பிடித்த இடம் இது.

தடுப்பதற்கு ஒரு குட்டி ஆர்என்ஏ இழையைத் தயாரித்தார்கள். சொரெவுனெர்சென் என்று பெயர். தயாரித்த ஸ்டோக் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஏட்ரியன் கிரெய்னர். முதுகுத்தண்டுத் தசைநலிவு நோய்க்கு 2016இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற நுசினெர்சென் மருந்தை உருவாக்கியதிலும் அவருக்குப் பங்குண்டு.

எலிகளில் கிடைத்த முடிவு 2020இல் வெளிவந்தது. பிறந்த இரண்டாம் நாளில் ஒரே ஒரு முறை மருந்து பெற்ற நோயுற்ற எலிகளில் 97 விழுக்காடு 90 நாள் கடந்தும் உயிரோடிருந்தன. மருந்து பெறாதவற்றில் 23 விழுக்காடுதான் பிழைத்தன.

பிள்ளைகளுக்கு இந்த மருந்தைக் கீழ் முதுகில் ஊசி குத்தி, தண்டுவட நீரில் செலுத்துகிறார்கள். மருந்து நாளடைவில் கரைந்துவிடுவதால் சில மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் போட வேண்டும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 2 முதல் 18 வயது வரையுள்ள 81 பேரிடம் தொடக்கச் சோதனை நடந்தது. அதிக அளவு மருந்தை இரண்டு மூன்று முறை பெற்ற பத்துப் பேர் கொண்ட சிறு குழுவில், கடைசி ஊசிக்கு மூன்று மாதத்துக்குப் பின் வலிப்பின் எண்ணிக்கை நடுமதிப்பில் 85 விழுக்காடு குறைந்திருந்தது. சிலருக்குத் தண்டுவட நீரில் புரத அளவு கூடியதால் அதைக் கண்காணித்து வருகிறார்கள்.

ஆனால் அந்தச் சோதனையில் ஒப்பிட்டுப் பார்க்க மருந்து பெறாத குழு இல்லை. அதற்காகவே 2025இல் மூன்றாம் கட்டச் சோதனை தொடங்கியது. அதில் ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு ஊசி போடுவதுபோல் எல்லாம் நடக்கும், ஆனால் மருந்து செலுத்தப்படாது. யாருக்கு எது என்று பெற்றோருக்குச் சொல்வதில்லை. வீட்டுக்குப் போய் வலிப்பு வரும் ஒவ்வொரு முறையும் குறித்து வைக்கிறார்கள்.