எழுத்து எண்ணாகும்போது

நுழையும்முன்

கண்ணுக்கு எண்ணாகத் தெரிவதெல்லாம் கணினிக்கும் எண் ஆவதில்லை. எழுத்தை எண்ணாக மாற்றும் முறையையும் அதில் நேரும் பிழைகளைக் கையாளும் வகையையும் இப்பாடம் விளக்குகிறது.

கூட்டலும் ஒட்டலும்

கல்வராயன் மலை உழவர் ஒருவர் இரண்டு மூட்டை மரவள்ளிக்கிழங்கை விற்கிறார் எனக் கொள்வோம். அவற்றின் எடை 75 கிலோ, 80 கிலோ. பைத்தான் நிரலில் ‘இன்புட்’ செயற்கூறு வழியே பெறப்படும் எதுவும் முதலில் எழுத்துகளின் தொடரே. அதனைச் ‘சரம்’ என்பர். இரு சரங்களுக்கிடையே கூட்டல் குறியை இட்டால் கணினி அவற்றைக் கூட்டாது, ஒட்டும். 155 வரவேண்டிய இடத்தில் 7580 வரும். சரத்தை முழு எண்ணாக மாற்ற ‘இன்ட்’ செயற்கூறும், தசம எண்ணாக மாற்ற ‘ஃப்ளோட்’ செயற்கூறும் உதவுகின்றன.

பிழையும் ஒரு காவலே

சரத்தோடு எண்ணைக் கூட்டச் சொன்னால், பைத்தான் தரவினப் பிழை எனக் காட்டி நின்றுவிடும். ‘75 கிலோ’ என்னும் சரத்தை ‘இன்ட்’ செயற்கூற்றிடம் தந்தால் மதிப்புப் பிழை தோன்றும். ஜாவாஸ்கிரிப்ட் மொழியோ ‘75’ என்னும் சரத்தோடு 5 என்னும் எண்ணை ஒட்டி, 755 என விடை தந்து மேலே சென்றுவிடும். நின்றுபோகும் நிரலைவிடத் தவறான விடையுடன் ஓடும் நிரலே கேடு விளைவிப்பது. பைத்தானில் ‘டிரை’, ‘எக்செப்ட்’ என்னும் கூற்றுகளால் பிழையைக் கையாளலாம். ஆனால், பிழை நேர்ந்த இடத்தில் 0 என இட்டு நிரப்பினால் உழவரின் ஒரு மூட்டை கணக்கிலிருந்தே மறைந்துவிடும். சரியான மதிப்பை மீண்டும் கேட்டுப் பெறுவதே முறை.

தமிழ் எண்கள்

‘௭௫’ என்னும் சரத்தைப் பைத்தான் 75 என மாற்றும். பழைய முறைப்படி ‘௭௰௫’ என எழுதினால் மதிப்புப் பிழை தோன்றும். ஏனெனில் ‘௰’ பத்தைக் குறிக்கும் தனிக்குறி. இடமதிப்பு முறையில் பயன்படும் இலக்கமன்று. அம்முறைக்குத் தேவையான தமிழ்ச் சுழியம் ‘௦’ 2005ஆம் ஆண்டு வெளியான யூனிகோடு 4.1 பதிப்பில் இடம்பெற்றது.

மாற்றக் கூடாதவை

கள்ளக்குறிச்சியின் தொலைபேசிக் குறியீடு 04151. இதனை எண்ணாக மாற்றினால் முன்னுள்ள சுழியம் நீங்கி 4151 ஆகிவிடும்; குறியீடு பயனற்றுப் போகும். கணக்கிட வேண்டியதை எண்ணாகவும் அடையாளம் காட்டுவதைச் சரமாகவும் வைத்தல் வேண்டும். இவ்வேறுபாட்டை அறிந்து எழுதப்படும் நிரலே நம்பத்தக்கது.