பார்த்தால் நகராது!

பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றால் பொங்காது. அந்தண்டை திரும்பினால் அடுப்பெல்லாம் பால்! வீட்டில் வழக்கமாகக் கேட்கும் இந்தப் புகாருக்குப் பௌதிகத்தில் ஒரு பங்காளி உண்டு. கண்டுபிடித்தவர் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த ஈ.சி.ஜி. சுதர்சன். இனிஷியல்தான் ஆஸ்பத்திரி, ஆசாமி அசல் பௌதிகம்.

1977-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பைத்யநாத் மிஸ்ராவுடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இது: ஒரு குவாண்டம் துகளை ஓயாமல் 'பார்த்துக்கொண்டே' இருந்தால் அது மாறவே மாறாது. அசைவே பொய் என்று வாதாடிய கிரேக்க ஞானி ஜீனோவின் பெயரை இதற்கு வைத்தார்கள்.

அதெப்படி சார்? நாமக்கல்லில் முழு லோடுடன் ஒரு லாரி. ஃபர்ஸ்ட் கியரில் முக்கி முனகிக் கிளம்புகிறது. விட்டால் சேலம் போய்விடும். பத்தடிக்கு ஒரு செக்போஸ்ட் போட்டால்? ஒவ்வொரு தரமும் பூஜ்யத்திலிருந்து கிளம்பவேண்டும். பொழுது சாயும்போதும் நாமக்கல் கோட்டை எதிரிலேயே நிற்கும்! குவாண்டம் மாற்றமும் ஆரம்பத்தில் இப்படித்தான், மகா மந்தம். அடிக்கடி அளந்தால் அங்கேயே நின்றுவிடுகிறது.

1990-ல் அமெரிக்காவின் கொலராடோவில் இட்டானோ, வைன்லேண்ட் குழுவினர் சுமார் 5,000 பெரிலியம் அயனிகளை வைத்துச் சோதித்தார்கள். கால் விநாடி ரேடியோ அலை கொடுத்தால் அநேகமாக எல்லாம் கீழ் நிலையிலிருந்து மேல் நிலைக்குப் போயின. நடுநடுவே 64 தரம் லேசர் அடித்தபோது அநேகமாக எதுவுமே ஏறவில்லை!

ரகளை இங்கேதான் ஆரம்பம். 'பார்வைக்கே இத்தனை சக்தியா! அப்படியானால் மனசு வைத்தால் பிரமோஷன், பங்களா, சர்க்கரை வியாதி குணம்...' என்று 'குவாண்டம்' போர்டு மாட்டி ஃபீஸ் வாங்குகிறார்கள். பார்ப்பவரின் மனம்தான் விஷயத்தை முடிக்கிறது என்று யூஜின் விக்னரே 1961-ல் எழுதினார். பிற்பாடு அவரே அதைக் கைவிட்டதை மட்டும் போர்டில் போடமாட்டார்கள்.

கொலராடோவில் 'பார்த்தது' லேசர். விஞ்ஞானி டீ குடிக்கப் போயிருந்தாலும் அதேதான் நடந்திருக்கும். செக்போஸ்ட்காரர் மனசில் என்ன நினைத்தார் என்பதா லாரிக்கு முக்கியம்? கை காட்டி நிறுத்தினாரே, அதுதான் முக்கியம்.

கோளாறு சொல்லில். ஒரு சொல்லின் அர்த்தம் அதைப் பயன்படுத்தும் விதத்தில் இருக்கிறது என்றார் தத்துவஞானி விட்கென்ஸ்டைன். நம் 'பார்' ஒன்றே போதும். டாக்டர் நாடி பார்க்கிறார். மாமா பெண் பார்க்கிறார். நீங்கள் ஆபீஸில் வேலை பார்க்கிறீர்கள் (அப்படித்தான் வீட்டில் சொல்லிக்கொள்கிறீர்கள்!). அம்மா குழம்பை நாக்கில் வைத்து உப்புப் பார்க்கிறாள். லேசர் பார்த்தது கடைசி ரகம். தொட்டுப் பார்ப்பது.

புதிர் முழுசாகத் தீர்ந்துவிடவில்லை. பல சாத்தியங்களில் ஒன்று மட்டும் எப்படி விடையாக வருகிறது என்பதில் பண்டிதர்களுக்குள் இன்னமும் சண்டைதான். ஆனால், அந்தச் சண்டைக்கு நம்மிடம் ஃபீஸ் வாங்க யாருக்கும் பாத்தியதை கிடையாது.

அடுத்த தரம் யாராவது 'குவாண்டம் பார்வை' என்று ரசீது புஸ்தகத்தை நீட்டினால், "எந்தப் பார்வை சார்?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.