பூட்டும் சாவியும்

திண்டுக்கல் என்றதும் பூட்டுதானே நினைவுக்கு வருகிறது? சர்க்கரை நோயைப் புரிந்துகொள்ளவும் அந்தப் பூட்டு உதவும்.

நாம் உண்ணும் சோறு குளுக்கோசாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. அது தசைச் செல்களுக்குள் நுழைய, கணையத்தில் சுரக்கும் இன்சுலின் என்னும் சாவி வேண்டும். பூட்டு திறக்காவிட்டால் குளுக்கோஸ் இரத்தத்திலேயே தேங்கும், சிறுநீரிலும் வெளியேறும். ஆகவேதான் அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், உடல் மெலிவு எல்லாம்.

முதல் வகை நோயில் சாவியே இல்லை. உடலின் எதிர்ப்பாற்றல், இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைத் தவறுதலாக அழித்துவிடுகிறது. சிறுவர்களுக்கு வருவது பெரும்பாலும் இதுவே.

இரண்டாம் வகையில் சாவி உண்டு. பூட்டு துருப்பிடித்ததுபோல் இறுகிவிடுகிறது. நாளடைவில் சாவியும் குறையலாம். நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் இவ்வகையினரே. உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி, மாத்திரை ஆகியவை இவர்களுக்கு உதவும்.

கருவுற்ற காலத்தில் நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் பூட்டை இறுக்குவதால் வருவது மற்றொரு வகை. மகப்பேற்றுக்குப் பின் இது பொதுவாக மறையும். எனினும் பிற்காலத்தில் இரண்டாம் வகை வரும் வாய்ப்பு அதிகம்.

1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில், 14 வயது லியோனார்டு தாம்சனுக்கு இன்சுலின் ஊசி போடப்பட்டது. அவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். அதற்குமுன் முதல் வகை நோய் கண்ட சிறுவர்கள் நெடுநாள் பிழைத்ததில்லை.

மாணவர்களே, உங்கள் வகுப்பில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் தோழன் இருக்கலாம். “என் தாத்தாவைப் போல மாத்திரை சாப்பிட்டால் போதாதா?” என்று அவனிடம் சொல்லிவிடாதீர்கள். எண்ணெய் இட்டால் இறுகிய பூட்டு திறக்கும். இல்லாத சாவி வந்துவிடுமா?