காஸ் நகரத்து மலையேறிகள்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா ராஜ்யத்தில், அப்பலேச்சிய மலைத்தொடரின் நடுவே, கிரீன்பிரையர் நதிக்கரையில் காஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. காகிதத்துக்குக் கூழாகும் ஸ்புரூஸ் மரம் சீட் மலையின் மேலே அடர்ந்து கிடக்க, அதை அரைக்கும் ஆலையோ வர்ஜீனியாவிலுள்ள கோவிங்டன் நகரத்தில் இருக்க, இவ்விரண்டையும் ரயிலால் இணைக்க எண்ணிய ஒரு காகிதக் கம்பெனி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலையடிவாரத்தில் நிர்மாணித்த ஊர் அது. வீடு, கடை, மரமறுக்கும் ஆலை யாவும் கம்பெனியின் சொத்து. ஊரின் பெயர்கூடக் கம்பெனி நிர்வாகிகளுள் ஒருவரான ஜோசப் காஸ் என்பவரின் பெயர்தான். ஆலையில் வாரத்துக்கு 6 நாள், ஒரு முறைக்கு 11 மணி நேரமாக, நாளொன்றுக்கு இரண்டு முறை வேலை நடந்தது.

மேலிருக்கும் மரத்தைக் கீழே இறக்குவதில் என்ன சிரமம் என்று தோன்றலாம். இறக்குவதற்கு முன் காலி வண்டிகளை மேலே ஏற்றியாக வேண்டுமல்லவா? சங்கடம் அங்கேதான் ஆரம்பமாகிறது. பெரிய ரயில் பாதைகளில் 100 அடிக்கு 2 அடி ஏற்றம் என்பதே கடுமையானது. காஸ் பாதையிலோ சில இடங்களில் 100 அடிக்கு 11 அடி. அத்தகைய சரிவில் ரயிலின் மொத்த எடையில் ஒன்பதில் ஒரு பங்கு அதனைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். உலர்ந்த தண்டவாளத்தின்மீது எஃகுச் சக்கரம் பற்றக்கூடிய பிடியோ, சக்தி பாயும் சக்கரங்களின்மேல் அழுந்தும் எடையில் ஏறக்குறைய கால் பங்குதான். மழையும் பனியும் அதையும் குறைத்துவிடும். சாதாரண எஞ்சினில் முன்புறச் சிறு சக்கரங்களும், கரியும் ஜலமும் சுமந்து பின்னே வரும் தொட்டி வண்டியும் வெறுமனே உருள்வனவே ஆகையால், அவற்றின்மேல் விழும் எடை அவ்வளவும் பிடிக்கு உதவாத விரயம்.

இந்த விரயத்தை ஒழித்தவர் மிச்சிகனில் மரம் வெட்டி விற்றுவந்த எஃப்ரெயிம் ஷே. 1881-இல் அவர் காப்புரிமை பெற்ற எஞ்சினை ஓஹையோவிலுள்ள லைமா நகரத் தொழிற்சாலை 1945 வரையில் 2,700-க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் செய்து விற்றது. காஸில் ஓடும் ரகத்தில், மூன்று உருளைகள் வலப்பக்கத்தில் செங்குத்தாக வரிசையாய் நிற்கும். அவற்றின் பளு ஒருபுறமே சாய்ந்துவிடாதபடி பாய்லர் நடுக்கோட்டை விட்டு இடப்பக்கம் சற்று நகர்த்திப் பொருத்தப்பட்டிருக்கும். உருளைகளால் சுழலும் தண்டு, எப்பக்கமும் மடங்கும் மூட்டுகளோடு, வளைவுகளில் நீண்டும் சுருங்கியும், எஞ்சினின் முழு நீளத்துக்கும் ஓடி, தொட்டியின் கீழுள்ள அச்சு உட்பட ஒவ்வோர் அச்சையும் பல்சக்கரத்தால் திருப்பும். இடப்பக்கத்தில் நின்று பார்ப்பவனுக்குச் சக்கரங்கள் உருள்வது தெரியுமே தவிர, அவற்றை உருட்டுவது இன்னதென்று தெரியாது.

சக்கரம் ஒரு முறை சுற்றுவதற்குள் தண்டு இரண்டு முறைக்கு மேல் சுற்றிவிடும். தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறு முறை நீராவி வெளியேறும். சாதாரண எஞ்சின் நான்கு முறை மூச்சுவிடும் வேளையில் இது பன்னிரண்டுக்கு மேல் விடுவதால், காதால் மட்டும் கேட்பவன் ஏதோ மெயில் வண்டி பறந்து வருகிறது என்று ஒதுங்குவான். வருவதோ ஒரு பையன் கூடவே ஓடி முந்திவிடக்கூடிய வேகத்தில்தான். யந்திர சரித்திரம் எழுதுவோர் வேகத்துக்கே மகுடம் சூட்டுவது வழக்கம். வேகத்தைக் கொடுத்துப் பலத்தை வாங்கிய இந்த வியாபாரத்தை நான் அதற்குக் குறைந்ததாக மதிப்பதில்லை.

சரிவு மிகுந்த ஓரிடத்தில் பாதை இரண்டு முறை மடங்கி ஏறுகிறது. வண்டித்தொடரைக் கீழிருந்து தள்ளிச் செல்லும் எஞ்சின் முதல் மடிப்பின் முனையில் நின்று, பாதை மாற்றப்பட்டதும், முகம் பள்ளத்தை நோக்க, பின்புறமாக மேலேறும். ஃபயர்மேனுடைய கண் இமைக்காத கவனம் அப்போதுதான் வேண்டியிருக்கிறது. பாய்லரின் பின்கோடியிலுள்ள நெருப்புப் பெட்டியின் மேல்தகடு எப்போதும் ஜலத்தில் மூழ்கியிருக்க வேண்டும். எஞ்சினின் முகம் தாழும்போது ஜலமெல்லாம் முன்கோடிக்குச் சரிந்து, தகடு வெளிப்பட ஏதுவாகும். நனையாத தகடு சில நிமிஷங்களில் செக்கச் சிவந்து இளகும், இளகினால் பிளக்கும், பிளந்தால், அழுத்தத்தில் அடங்கிக் கிடந்த கொதிநீர் க்ஷணத்தில் ஏறக்குறைய 1,600 மடங்கு கன அளவுள்ள நீராவியாய் மாறத் தலைப்பட்டு, பாய்லரையே பெயர்த்து எறிந்துவிடும். ஆகவே, கரியை ஓரிடத்தில் குவிக்காமல் பரப்பி வீசிக்கொண்டே, கண்ணாடிக் குழாயில் தெரியும் நீர்மட்டத்தைப் பார்த்து, அது சரிவு காட்டும் மட்டமா, உண்மை மட்டமா என்று மனத்துக்குள் கழித்துக் கணக்கிட அவன் கற்றிருக்க வேண்டும். இந்த மடிப்பு தவிர மற்ற ஏற்றங்களில் எஞ்சினைக் கீழ்க்கோடியில் வைப்பதற்கும் காரணம் உண்டு: இணைப்பு அறுந்தாலும் வண்டிகள் பள்ளத்தில் ஓடிவிடாமல் எஞ்சின்மீதே வந்து சாய்ந்து நிற்கும்.

1960-இல் ஆலை மூடப்பட்டது. எஞ்சின்களைப் பழைய இரும்பாக விற்றுவிடாமல் ராஜ்ய அரசாங்கமே பாதையோடு சேர்த்து வாங்கி, 1963 முதல் பிரயாணிகளை ஏற்றிச் செல்லலாயிற்று. 1905-இல் காஸுக்காகவே செய்யப்பட்ட ஐந்தாம் எண் எஞ்சின் அன்று முதல் அவ்வூரை விட்டு அகலவில்லை. லைமா தொழிற்சாலை 1945-இல் கடைசியாகச் செய்த 162 டன் ஷே எஞ்சினோ, வேறொரு ரயில் கம்பெனியில் சில ஆண்டுகளே உழைத்து, பால்டிமோர் அருங்காட்சியகத்தில் காட்சிப் பொருளாய் நின்றிருந்தது. 1980-இல் காஸ் தன்னிடமிருந்த வேறு எஞ்சினைக் கொடுத்து அதை வாங்கி, அதன் பழைய ஆறாம் எண்ணோடே மறுபடி வேலைக்கு அனுப்பிவிட்டது.