ஒரு கிரெய்னில் எத்தனை டால்டன்?

(நேரலை உரையின் எழுத்து வடிவம்)



ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் வரும் நீதிமன்றக் காட்சி உங்களுக்கு நினைவிருக்கும். கடனுக்கு ஈடாக ஒரு பவுண்டு தசையை அறுத்தெடுக்க ஷைலக் கத்தியோடு நிற்கிறான். போர்ஷியா அவனை எச்சரிக்கிறாள்: எடை ஒரு ஸ்க்ரூப்பிளின் இருபதில் ஒரு பங்கு பிசகினாலும் அவன் உயிரும் சொத்தும் போய்விடும். அந்த இருபதில் ஒரு பங்குக்கு மருந்துக்கடைக்காரர்களிடம் ஒரு பெயர் இருந்தது. அதுதான் கிரெய்ன். இன்று அந்தக் கிரெய்னை அணுவின் தராசில் வைத்துப் பார்க்கப்போகிறோம்.

பழைய மருந்துக்கடை வாய்ப்பாடு எளிது. 20 கிரெய்ன் ஒரு ஸ்க்ரூப்பிள், 3 ஸ்க்ரூப்பிள் ஒரு டிராம், 8 டிராம் ஒரு அவுன்ஸ், 12 அவுன்ஸ் ஒரு பவுண்டு. ஆக, ஒரு பவுண்டுக்கு 5,760 கிரெய்ன். கிரெய்ன் என்றால் தானிய மணி. நம்மூரில் பொன்னைக் குன்றிமணியால் நிறுத்தது போலத்தான் இதுவும். ஸ்க்ரூப்பிள் என்பதன் லத்தீன் மூலத்துக்குக் கூரான சிறுகல் என்று பொருள். மனசாட்சி உறுத்துவதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான்.

1959இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா உள்ளிட்ட ஆறு நாடுகள் பவுண்டைக் கிலோகிராமோடு பிணைத்தபோது, ஒரு கிரெய்ன் துல்லியமாக 64.79891 மில்லிகிராம் என்று ஆனது. அணு உலகின் படிக்கல் டால்டன். கார்பன்-12 அணுவின் நிறையில் பன்னிரண்டில் ஒரு பங்கு அது. ஒரு ஹைட்ரஜன் அணு கிட்டத்தட்ட ஒரு டால்டன் இருக்கும். ஒரு கிராமில் 6.022 × 10²³ டால்டன். எனவே எந்தப் பழைய எடையையும் கிராமாக்கி, இந்த எண்ணால் பெருக்கினால் போதும்:

கிரெய்ன்: 0.0648 கிராம், 3.90 × 10²² டால்டன்
ஸ்க்ரூப்பிள்: 1.296 கிராம், 7.80 × 10²³ டால்டன்
டிராம்: 3.888 கிராம், 2.34 × 10²⁴ டால்டன்
அவுன்ஸ்: 31.10 கிராம், 1.87 × 10²⁵ டால்டன்
பவுண்டு: 373.24 கிராம், 2.25 × 10²⁶ டால்டன்

கிரெய்ன் இன்னும் நம் மருந்துப் பெட்டிகளை விட்டுப் போகவில்லை. வட அமெரிக்காவில் இருப்பவர்கள் ஆஸ்பிரின் புட்டியைப் பாருங்கள். 325 மில்லிகிராம் என்றோ 81 மில்லிகிராம் என்றோ இருக்கும். முன்னது 5 கிரெய்ன், பின்னது ஒன்றேகால் கிரெய்ன். ஓர் ஆஸ்பிரின் மூலக்கூறு சுமார் 180 டால்டன். வகுத்துப் பார்த்தால், 5 கிரெய்ன் மாத்திரையில் ஏறத்தாழ 10²¹ மூலக்கூறுகள். நம் கணக்கில் சொன்னால் கோடி கோடி கோடி.

இப்போது இதே கணக்கை வேறொரு புட்டிக்குப் போடுவோம். ஹோமியோபதியை உருவாக்கிய ஜெர்மானிய மருத்துவர் சாமுவேல் ஹானிமனும் கிரெய்னில்தான் மருந்தை நிறுத்தார். அவர் ஊர்க் கிரெய்ன் சற்று வேறுபடும். அதனால் முடிவு மாறாது. 'சி' அளவு முறையில் ஒரு பங்கு மருந்து ஒவ்வொரு படியிலும் நூற்றில் ஒன்றாக நீர்க்கும். ஒரு கிரெய்ன் எடுத்துக்கொள்ளுங்கள். 11ஆவது படியில், அந்தக் கலவையின் ஒரு கிரெய்னில் மருந்தின் பங்கு 3.9 டால்டன். ஒரே ஒரு ஹீலியம் அணுவின் நிறை. 12ஆவது படியில் 0.039 டால்டன். அணுக்களிலேயே மிக இலேசான ஹைட்ரஜனில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான். அப்படி ஒரு பொருள் கிடையாது. அதாவது, பெரும்பாலான உருண்டைகளில் மருந்தே இருக்காது. ஒரு முழு பவுண்டிலிருந்து தொடங்கினாலும் 14ஆவது படியில் இதே நிலைதான். பலர் வீட்டில் இருப்பதோ '30சி'.

ஹானிமனைக் கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் 1843இல் இறந்தார். மூலக்கூறின் அளவை லோஷ்மிட் முதன்முதலாக மதிப்பிட்டது 1865இல். பொருளை எத்தனை முறை பங்கிட்டாலும் கொஞ்சம் மிஞ்சும் என்று அன்று நினைக்க இடமிருந்தது. இன்று நமக்கு அந்த இடம் இல்லை.

சளியும் சாதாரணக் காய்ச்சலும் எப்படியும் தணிந்துவிடும். உருண்டைக்குப் பேர் கிடைக்கும். இன்சுலினையோ ரத்த அழுத்த மாத்திரையையோ நிறுத்திவிட்டு அந்த உருண்டையை நம்பும்போதுதான் ஆபத்து. மறுபக்கமும் உண்டு. நீர்க்காத தாய்த்திரவத்திலும் குறைந்த படிகளிலும் மருந்துப்பொருள் நிச்சயம் இருக்கிறது. அதற்குப் பக்கவிளைவும் இருக்கலாம்.

எனவே புட்டியில் 'சி'க்கு முன் உள்ள எண்ணை இரண்டால் பெருக்குங்கள். கிடைப்பது, வகுக்கும் எண்ணில் எத்தனை பூஜ்யங்கள் என்ற கணக்கு. அது 24ஐத் தொட்டாலே, ஒரு கிரெய்னில் ஓர் அணுவுக்குக்கூட வழியில்லை.

இனி உங்கள் கேள்விகளுக்குப் போகலாம்.